பானையும் பருக்கையும்



ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் வழக்கு. உலை கொதித்து அடங்கும் வேளையில் அகப்பையால் ஒரு பருக்கையை எடுத்து, இரு விரல்களுக்கிடையே நசுக்கிப் பார்த்து, பானை முழுவதும் வெந்ததா இல்லையா என்று தீர்ப்புக் கூறிவிடுவாள் வீட்டுத் தலைவி. அத்தீர்ப்புப் பெரும்பாலும் பிழைப்பதில்லை. ஏன் பிழைப்பதில்லை என்று எண்ணிப் பார்த்தால் இரண்டு காரணங்கள் தோன்றும். பானையிலுள்ள அரிசி யாவும் ஒரே நீரில், ஒரே நெருப்பில் வெந்தவை என்பது ஒன்று. எந்தப் பருக்கையை எடுப்பது என்பதைப் பதம் பார்ப்பவளே தீர்மானிக்கிறாள் என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது காரணம் எளிதில் எவர் நினைவுக்கும் வருவதில்லை. பருக்கையை வேறொருவர் தெரிந்தெடுத்து நம் கையில் வைப்பாராயின், அதிலும் சோற்றை விற்க வந்தவரே தெரிந்தெடுத்துத் தருவாராயின், அப்பழமொழி எவ்வளவு தூரம் செல்லும்?

வீடியோ விளையாட்டுகளின் உலகில் இக்கேள்வி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக எழுந்தவண்ணம் இருக்கிறது. கணினியிலோ, தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைக்கும் பொறியிலோ ஆடப்படும் விளையாட்டு ஒன்று விற்பனைக்கு வருமுன்னர், அதன் ஒரு சிறு பகுதியை எவரும் காசு கொடாமல் ஆடிப் பார்க்கும்படி வெளியிடுவது அத்துறையினரின் வழக்கம். அப்பகுதியை ‘டெமோ’ என்பர். மாதிரி என்று நாம் கூறலாம்.

மாதிரி எதற்கு என்று சிலர் வினவக்கூடும். புடைவைக் கடையில் துணியைத் தொட்டுப் பார்க்கலாம். புத்தகக் கடையில் நின்றவாறே நான்கு பக்கங்களைப் புரட்டலாம். மாம்பழக்காரியிடம் ஒரு கீற்று வாங்கிச் சுவைக்கலாம். விளையாட்டை அவ்வாறு செய்ய இயலாது. அதன் படங்களாலும் விளம்பரத் துண்டுகளாலும் அறியக்கூடியது மிகச் சிறிதே. விரல் விசையை அழுத்தும் கணத்திற்கும் திரையிலுள்ள உருவம் அசையும் கணத்திற்கும் இடையே நுட்பமான ஓர் உறவு உண்டு. அது கண்ணுக்குப் புலப்படாது. ஆடுபவனின் கைக்கே புலப்படும். விலையும் சிறிதன்று. அமெரிக்காவில் பெரிய விளையாட்டொன்றின் விலை பல ஆண்டுகள் 60 டொலராக நின்று, 2020ஆம் ஆண்டு தொடக்கம் 70 டொலராக உயரலாயிற்று. மாதக்கணக்கில் பணம் சேர்த்து ஒரே ஒரு விளையாட்டை வாங்கும் இளைஞனுக்கு, அது பொருந்தாதெனப் பின்னர் அறிதல் சிறிய ஏமாற்றமன்று.

இவ்வழக்கம் தோன்றிய வரலாறு சுவையானது. 1982ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் அன்ட்ரூ ஃபுளூகல்மன், ஜிம் நொஃப் என்னும் இருவர் தனித்தனியே தாம் எழுதிய கணினி நிரல்களை இலவசமாகப் பிறருக்கு வழங்கி, பயன்பட்டதாயின் பணம் அனுப்புமாறு கேட்டுக்கொண்டனர். கடையும் இல்லை, தரகரும் இல்லை. கைக்குக் கை மாறும் வட்டுகளே அங்காடியாக விளங்கின. டெக்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஸ்கொட் மில்லர் என்பவர் இதே முறையில் விளையாட்டுகளை வழங்கிப் பார்த்தார். வயிறார உண்டபின் விலை கேட்டால் எத்தனை பேர் மடியை அவிழ்ப்பர்? பணம் அனுப்பியோர் சிலரே. அதன்மேல் அவர் வேறொரு வழி கண்டார். 1987ஆம் ஆண்டில் தொடங்கிய குரோஸ் என்னும் தம் விளையாட்டைப் பல பாகங்களாகப் பகுத்து, முதற் பாகத்தை இலவசமாக்கி, மற்றப் பாகங்களுக்கு விலை வைத்தார். வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதுவோர் நெடுங்காலமாக அறிந்திருந்த உத்தி இது.

அவ்வழியில் 1990ஆம் ஆண்டு டிசெம்பரில் வெளிவந்த கொமாண்டர் கீன் என்னும் விளையாட்டில், எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் தானே செய்த விண்கலத்தில் செவ்வாய்க் கோளுக்குச் சென்று, களவுபோன கலத்தின் உறுப்புகளைத் தேடிச் சேர்த்து வீடு திரும்புகிறான். திரும்பும்போது பூமிக்கு மேலே வேற்றுலகத்தாரின் பெரிய கப்பலொன்று நிற்கக் காண்கிறான். அவ்வளவில் இலவசப் பாகம் முடிந்துவிடும். அடுத்தது என்ன என்று அறியும் ஆவலைத் தூண்டியபின் நிறுத்துவதிலே ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. எனினும் சிறுவன் கலத்தைத் தேடிய கதை முழுமையாகவே கூறப்பட்டுவிட்டது. பணம் இல்லாத பிள்ளையும் ஒரு கதையை முடித்த நிறைவோடு எழுந்திருக்கலாம்.

இதே விளையாட்டை ஆக்கியவர்கள் பின்னர் இட் சொப்ட்வெயர் என்னும் பெயரில் இயங்கி, 1993ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆம் திகதி டூம் என்னும் விளையாட்டை வெளியிட்டனர். அன்று நிகழ்ந்ததை அத்துறையினர் இன்றும் சொல்லிக்கொள்வர். அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகக் கணினியொன்றில் மாதிரியை ஏற்றி, அங்கிருந்து யாவரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு செய்திருந்தனர். செய்தி முன்னரே பரவிவிட்டமையால், அக்கணினியின் வாயிலில் ஒரு பெருங்கூட்டம் காத்துக்கிடந்தது. ஏற்ற வந்த ஜேய் வில்பருக்கே உள்ளே நுழைய இடமில்லை! திருமண வீட்டில் பந்திக்கு முந்தியவர்கள் பரிமாறுபவனையே வெளியில் நிறுத்திவிட்ட கதையாயிற்று. பல்கலைக்கழகத்தார் ஒரே நேரத்தில் நுழையக்கூடியோரின் தொகையை உயர்த்திய பின்னரே அவர் உள்ளே செல்ல முடிந்தது. மாதிரி ஏறியதும், அதனை எடுக்க முண்டியடித்தோரின் நெரிசலைத் தாங்காது அந்த வலையமைப்பே நிலைகுலைந்தது.

அம்மாதிரியின் அளவை நேயர்கள் கவனித்தல் வேண்டும். டூம் விளையாட்டில் மூன்று பாகங்கள், பாகத்துக்கு ஒன்பது களங்கள், ஆக இருபத்தேழு களங்கள் இருந்தன. அவற்றுள் முதல் ஒன்பதும் இலவசம். மூன்றில் ஒரு பங்கு! அதனை எவரும் படியெடுக்கலாம், எவருக்கும் கொடுக்கலாம். கடைக்காரர் அவ்வட்டினைச் சிறு விலைக்கு விற்றுப் பணத்தைத் தாமே வைத்துக்கொள்ளவும் தடையில்லை. ஆடியோரில் பெரும்பாலோர் மற்ற இரு பாகங்களை வாங்கவில்லை. வாங்கிய சிறுபான்மையினரே அந்தச் சிறு நிறுவனத்தைச் செல்வமுடையதாக்கப் போதுமானவராயினர். அங்கே பருக்கை பானையிலிருந்தே எடுக்கப்பட்டது; அதே நீர், அதே நெருப்பு. அதனை உண்டு பார்த்துப் பானையை மதிப்பிட்டவர் எவரும் ஏமாறவில்லை.

தொண்ணூறுகளின் நடுவிலே வட்டுகளில் வரும் விளையாட்டுகள் பெருகின. பொறிகளுக்கென வெளிவந்த மாத சஞ்சிகைகளோடு மாதிரி வட்டொன்றை ஒட்டி விற்கும் வழக்கமும் பரவிற்று. சஞ்சிகையைப் படியாமல் வட்டுக்காகவே வாங்கியோர் பலர் இருந்திருப்பர்; அது பத்திரிகையாசிரியர்களுக்கு மகிழ்ச்சி தந்திருக்க இடமில்லை. மாதிரியே ஒரு பண்டமாக மாறியது அக்காலத்தில்தான். அதற்குச் சிறந்த சான்று ஜப்பானிய நிறுவனமான கொனாமி 2001ஆம் ஆண்டில் செய்த காரியம். சோன் ஒஃப் த என்டர்ஸ் என்னும் புதிய விளையாட்டோடு, அவ்வாண்டின் இறுதியில் வர இருந்த மெற்றல் கியர் சொலிட் 2 என்னும் விளையாட்டின் மாதிரி வட்டையும் சேர்த்து விற்றனர். அந்த இரண்டாவது வட்டுக்காகவே முதலாவதை வாங்கியோர் தொகை மிகப் பெரிது. ஊறுகாய்க்காக இலை போட்டவர்கள் என்று அவர்களைச் சொல்லலாம்.

அவ்வட்டிலே, மழை கொட்டும் இரவில், கப்பலொன்றின் மேற்தளத்தில் சினேக் என்னும் பழைய நாயகன் தனியே ஊடுருவிச் செல்கிறான். முன்னைய விளையாட்டில் அவனோடு பழகியவர்கள் அந்த மாதிரியை மீண்டும் மீண்டும் ஆடி, அவன் கதையின் தொடர்ச்சியை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். நவம்பரில் முழு விளையாட்டு வந்தது. கப்பற் பகுதி அதில் இருந்தது. மாதிரியில் காட்டியவாறே இருந்தது. ஆனால் அப்பகுதி முடிந்ததும் சினேக் பின்னணிக்குத் தள்ளப்பட்டு, ரைடன் என்னும் முன்பின் அறியாத இளைஞன் ஒருவன் நாயகனாக்கப்பட்டான். எஞ்சிய விளையாட்டு முழுவதையும் அவனாகவே ஆட வேண்டியிருந்தது. ஆக்கியோராகிய ஹிடேயோ கோஜிமா இதனை வேண்டுமென்றே மறைத்து வைத்திருந்தார். கலைஞனுக்கு இரகசியம் காக்கும் உரிமை உண்டு என்று வாதிடுவோர் இன்றும் உளர். அவ்விளையாட்டைப் பெரும் படைப்பு என்று போற்றுவோரும் உளர். ஆயினும் ஒன்றை மறுத்தல் இயலாது. மாதிரியில் காட்டியது ஒவ்வொன்றும் உண்மை. மாதிரியைக் கொண்டு முழுமையைப் பற்றி ஆடுவோர் செய்த முடிவோ பொய். பருக்கையைத் தெரிந்தெடுக்கும் கை எவருடையது என்பது அங்கே நன்கு விளங்கிவிட்டது.

இதற்கு நேர்மாறான சான்றும் ஒன்று உண்டு. 2013ஆம் ஆண்டில் வந்த ஸ்டான்லி பரபிள் என்னும் விளையாட்டின் மாதிரியிலே முழு விளையாட்டின் ஒரு காட்சிகூட இடம்பெறவில்லை. மாதிரிக்கென்றே தனியாக ஒன்றைக் கட்டியிருந்தனர். எனினும் அதை ஆடியவர்கள் அதன் நகைச்சுவையும் போக்கும் எத்தகையவை என்பதைச் சரியாகவே அறிந்துகொண்டனர். பானை வேறானாலும் சமையற்காரியின் கைப்பக்குவம் ஒன்றே. ஆதலால் மாதிரியின் நேர்மை, அது எங்கிருந்து வெட்டி எடுக்கப்பட்டது என்பதை மாத்திரம் பொறுத்ததன்று.

பானையே இல்லாத பருக்கையின் கதை இவை யாவற்றினும் விந்தையானது. 2014ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12ஆம் திகதி, சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 4 பொறிக்கான இணையக் கடையில், எவரும் கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் பெயரில், பி.டி. என்னும் இரண்டெழுத்துப் பெயருடைய மாதிரி ஒன்று தோன்றியது. அதில் இருந்தது ஒரு வீட்டின் வளைந்த நடைகூடம் ஒன்றே. அதன் முடிவிலுள்ள கதவைத் திறந்து நுழைந்தால் மறுபடியும் அதே நடைகூடம். ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று சிறிது மாறியிருக்கும்: ஒரு விளக்கு, ஒரு படம், வானொலிப் பெட்டியிலிருந்து வரும் ஒரு குரல். பேயுருவம் ஒன்றும் உலவும். இரவில் தனியே அதை ஆடத் துணியாதோர் பலர். அதன் கடைசிப் புதிரை விடுவிப்பவருக்கு, அது சைலன்ட் ஹில்ஸ் என்னும் வர இருக்கும் விளையாட்டின் முன்னோட்டம் என்பதும், அதே கோஜிமாவும் திரைப்பட நெறியாளர் கியேர்மோ டெல் டோரோவும் சேர்ந்து அதனை ஆக்குகின்றனர் என்பதும் வெளிப்படும். புதிரை விடுவிக்க உலகத்தாருக்கு ஒரு வாரமாவது செல்லும் என்று கோஜிமா எண்ணியிருந்தார். சில மணி நேரத்தில் விடுவித்துவிட்டார்கள்.

அந்த விளையாட்டு வரவேயில்லை. கொனாமி நிறுவனம் 2015ஆம் ஆண்டு ஏப்ரலில் அதனைக் கைவிட்டதாக அறிவித்து, மாத முடிவில் மாதிரியையும் கடையிலிருந்து அகற்றிவிட்டது. முன்னர் எடுத்து அழித்தவர்களும் மீண்டும் எடுக்க முடியாமற் போயிற்று. அதனால் அது பதிந்திருந்த பொறிகளுக்குப் புதிய பொறியிலும் அதிக விலை கேட்கலாயினர். இலவசமாகக் கொடுத்த ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை கொடுத்தவனுக்கு உண்டா? சட்டப்படி உண்டு. ஆயினும் பல்லாயிரவர் அஞ்சியும் வியந்தும் பேசிய ஒரு படைப்பு, நூலகத்தில் வைக்க ஒரு படிதானும் மிஞ்சாதபடி கடையிலிருந்து மறைவது நன்றன்று. அச்சிட்ட நூலுக்கு அவ்வாறு நேர்வது அரிது. இணையத்தின் வழியே மாத்திரம் வழங்கும் பண்டங்களுக்கு அது எளிதில் நேர்கிறது.

இனி, ஆக்குவோர் பக்கத்து நியாயத்தையும் கேட்டல் வேண்டும். மாதிரி தானாக உதிர்ந்து விழுவதன்று. பாதி வளர்ந்த விளையாட்டிலிருந்து ஒரு பகுதியைப் பிரித்து, அதற்கு ஒரு தொடக்கமும் முடிவும் வைத்து, பிழை நீக்கி வெளியிட வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் உழைப்புச் செல்லும். அந்த நேரமெல்லாம் முழு விளையாட்டின் வேலையிலிருந்து கழிக்கப்படும் நேரமே. அவ்வுழைப்புக்குப் பலன் உண்டா என்பதும் ஐயத்துக்குரியது. மைக்ரோசொப்ட் நிறுவனம் தன் எக்ஸ்பொக்ஸ் 360 பொறிக்கு இணையத்தின் வழியே விற்ற சிறு விளையாட்டுகள் யாவும் மாதிரியுடனேயே வரவேண்டும் என்று ஒரு காலத்தில் விதித்திருந்தது. ஆனால் 2013ஆம் ஆண்டில் லாஸ் வேகஸ் நகரில் நடந்த துறையினர் மாநாடொன்றில், விளையாட்டு ஆக்குநரும் கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியருமான ஜெசி ஷெல் விற்பனைக் கணக்குகளைக் காட்டி, விளம்பரப் படம் மாத்திரம் வெளியிட்ட விளையாட்டுகள் மாதிரியும் வெளியிட்ட விளையாட்டுகளிலும் ஏறக்குறைய இருமடங்கு விற்றிருந்தன என்று கூறினார். ஆடிப் பார்த்தவனின் ஆவல் தணிந்துவிடுகிறது என்பது அவர் கருத்து.

இக்கணக்கைக் கேட்டுப் பலர் மாதிரிகளைக் கைவிடத் தலைப்பட்டனர். கணக்கில் பிழை இல்லாதிருக்கலாம். அதிலிருந்து காரணத்தை வடிப்பதில் அவதானம் வேண்டும். பெரும் பெயரும் பெரும் விளம்பரமும் உடைய விளையாட்டுக்கு மாதிரி தேவையில்லை. மாதிரி வெளியிடாமலே அது விற்கும். தேவைப்படுபவன் பெயரில்லாதவன். மாதிரி வெளியிட்டதால் விற்பனை குன்றியதா, விற்பனை குன்றும் என்று அஞ்சியோரே மாதிரி வெளியிட்டனரா என்பதை அக்கணக்கு தனித்து நின்று தீர்க்கமாட்டாது. மேலும், ஆடிப் பார்த்தபின் ஒருவன் வாங்காது விட்டான் என்றால், மாதிரி தன் கடமையைச் செய்தது என்றே வாங்குபவன் கொள்ளுவான். அந்த 60 டொலர் அவன் பையில் இருக்கிறதல்லவா?

சமையற்காரி உப்புக் காரம் எப்படி என்று கேட்பதற்காகவே ஒரு கரண்டி கொடுத்துப் பார்க்கச் சொல்வதும் உண்டு. மாதிரிகளுள் அவ்வகையே மிகுந்த பயனுடையது. ஜப்பானின் ஸ்குவேர் எனிக்ஸ் நிறுவனம் ஒக்டோபாத் டிரவலர் என்னும் கதை விளையாட்டை ஆக்கிக்கொண்டிருந்தபோது, 2017ஆம் ஆண்டு செப்டெம்பரில், நின்டென்டோ சுவிட்ச் பொறிக்கு ஒரு மாதிரியை வெளியிட்டது. எட்டு நாயகர்களுள் ஒல்பெரிக் என்னும் போர்வீரன், பிரிம்ரோஸ் என்னும் ஆடலாள் ஆகிய இருவர் கதைகளின் தொடக்கம் மட்டும் அதில் இருந்தது. ஆடியபின் வினாக்கொத்து ஒன்றும் அனுப்பப்பட்டது. ஏறத்தாழ 45,000 பேர் விடையெழுதினர். நடை மந்தமாயுள்ளது, வழி புரியவில்லை, ஒருமுறை கண்ட கதைக் காட்சியைத் தாண்ட முடியவில்லை என்றெல்லாம் குறைகள் வந்தன. ஆக்கியோர் அவற்றை ஒதுக்கிவிடவில்லை. ஓடிச் செல்லும் வசதி சேர்க்கப்பட்டது. திசை காட்டும் சிறு குறிப்புப் படம் சேர்க்கப்பட்டது. காட்சிகளைத் தாண்டவும் இடமளிக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டு யூனில் இரண்டாவது மாதிரி வந்தது. எட்டு நாயகருள் விரும்பியவரைத் தெரிந்து மூன்று மணி நேரம் ஆடலாம். யூலையில் முழு விளையாட்டை வாங்கினால், விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். பருக்கையைத் தெரிந்தெடுக்கும் உரிமை அங்கே ஓரளவு உண்பவன் கைக்கே வந்துவிட்டது என்பது கருதத்தக்கது.

கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்னும் இணையக் கடை, 2019ஆம் ஆண்டு டிசெம்பரில் சிறு அளவில் தொடங்கிய மாதிரி விழா, 2021ஆம் ஆண்டு யூன் முதல் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்னும் பெயருடன் நடைபெற்று வருகிறது. ஆண்டுக்கு மூன்று தடவை, பெப்ரவரி, யூன், ஒக்டோபர் மாதங்களில், ஒவ்வொரு வாரம். வெளிவர இருக்கும் விளையாட்டுகளின் மாதிரிகள் இன்று ஆயிரக்கணக்கில் அங்கே குவிகின்றன. ஒரு விளையாட்டு ஒரே ஒரு விழாவில் மாத்திரமே பங்கு பெறலாம் என்பது விதி. இரண்டு மூன்று பேர் ஓர் அறையில் ஆண்டுக்கணக்காக உழைத்து ஆக்கிய விளையாட்டுக்கு, உலகத்தார் முன் நிற்கக் கிடைப்பது அந்த ஒரு வாரமே. ஆடியவர் பிடித்திருந்தால் தம் விருப்பப் பட்டியலில் அதன் பெயரைக் குறித்துவைப்பர். விற்பனைக்கு வரும் நாளில் அவருக்கு அறிவித்தல் செல்லும். அந்தப் பட்டியலில் எத்தனை பேர் சேர்ந்தனர் என்பதை எண்ணியே பலர் தம் எதிர்காலத்தைக் கணிக்கின்றனர்.

ஆயிரம் பருக்கைகளைப் பதம் பார்க்க எவராலும் முடியாது. இலவசம் என்ற சொல்லுக்கும் ஓர் எல்லை உண்டு. சில மாதிரிகள் பல கிகாபைட் அளவுடையன, அளந்து கொடுக்கப்படும் இணையத்துக்கு நம் நாட்டில் பணம் கொடுக்கிறோம். ஆதலால் ஐந்தாறைத் தெரிந்து பொறுமையாக ஆடுவதே தகும். முதலில் தம் கணினி அதனைத் தாங்குகிறதா என்று பார்த்தல் வேண்டும். எழுத்துகள் வாசிக்கத்தக்கனவா என்றும் பார்த்தல் வேண்டும். அரை மணி நேரம் சென்றபின் விரல்கள் இன்னும் விரும்புகின்றனவா என்று தம்மையே கேட்டுக்கொள்ளலாம். பிள்ளைகள் ஆடுவதாயின் பெற்றோர் ஒருமுறை எட்டிப் பார்ப்பது நன்று. பேய்க்கதை மாதிரிகளும் இலவசமே. வேறிடத்திலிருந்து எடுக்கச் சொல்லும் மாதிரிகளைத் தொடவேகூடாது. 2025ஆம் ஆண்டு மார்ச்சில், கடையின் பக்கத்திலே பெயரைக் காட்டி, வெளித் தளமொன்றிலிருந்து மாதிரியை எடுக்கச் செய்து, அதன்மூலம் தீய நிரலைப் பரப்ப முயன்றது ஒன்று அகப்பட்டு அகற்றப்பட்டது.

2015ஆம் ஆண்டு யூன் முதல் இதே கடையில் வேறொரு வசதியும் உண்டு. வாங்கிய பதினான்கு நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருப்பின், காரணம் எதுவாயினும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இங்கே மாதிரியை ஆக்கியோன் வெட்டித் தருவதில்லை. முழுப் பானையும் முன்னே வைக்கப்படுகிறது. முதலிற் பணம் கொடுக்க வேண்டியிருப்பதே குறை. கையிற் பணமில்லாத மாணவனுக்கு மாதிரி விழாவே இன்னும் உரியது.

மாதிரியின் இறுதித் திரையில் பெரும்பாலும் ஒரு சிறு வேண்டுகோள் இருக்கும்: உங்கள் கருத்தை எழுதுங்கள் என்று. நூற்றில் பலர் அதனை மூடிவிட்டு அடுத்ததற்குச் செல்வர். இரண்டு வரி எழுத ஐந்து நிமிடம் போதும். எந்த இடத்தில் வழி தெரியாது நின்றீர்கள், எந்த இடத்தில் நிறுத்த மனமின்றித் தொடர்ந்தீர்கள் என்பவை இரண்டையும் எழுதினால், முழு விளையாட்டு வெளிவருமுன் அவற்றைத் திருத்த ஆக்கியோருக்கு இன்னும் சில வாரங்களோ மாதங்களோ இருக்கும்.